கணினி விளையாட்டுகளின் பொருந்துகைத் தரப்படுத்தல்: தரவிலிருந்து தகவலைப் பெறுதல்

க.பொ.த. (சாதாரண தரம்) – தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல்
தொடர்புடைய பாடப்பகுதிகள்: தரவும் தகவலும், பணிசெயல் முறைமைகள்

அறிமுகம்

மாணவர்களே, பெறுமதிமிக்க தகவலின் பண்புகளைக் கேட்டால் நீங்கள் தடையின்றி எழுதிவிடுவீர்கள். ஆனால் ஒரு சந்தர்ப்பத்தைத் தந்து, அப்பண்புகளை அதில் பிரயோகித்துக் காட்டுக என்று கேட்டால் பலர் தடுமாறுகின்றனர். அதற்குப் பயிற்சியாக இப்பாடத்தில் ஓர் உண்மையான தரவுத் தொகுதியை எடுத்து நோக்குவோம்.

பின்வரும் சந்தர்ப்பத்தைக் கருதுக. முல்லைத்தீவில் ஒரு வீட்டில் பாவித்த கணினி ஒன்று வாங்கப்பட்டுள்ளது. விண்டோஸ் அனுமதிப்பத்திரத்துக்குப் பணம் இல்லை. அனுமதியற்ற பிரதியை நிறுவுவது சட்டத்துக்குப் புறம்பானது. அதனோடு தீம்பொருள்களும் வந்து சேரலாம். ஆகவே இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் நிறுவப்படுகிறது. வீட்டிலுள்ள தம்பி ஒரு விளையாட்டைக் கேட்கிறான். அது விண்டோஸுக்கென ஆக்கப்பட்டது. அளவு 30 கிகாபைற்று. கைத்தொலைபேசித் தரவுப் பொதியில் இதனைத் தரவிறக்க வேண்டும். இறக்கிய பின்னர் அது இயங்காவிட்டால் பணமும் நேரமும் வீண். இறக்குவதற்கு முன்னரே இதை அறிய வழி உண்டா? உண்டு. அதுவே பொருந்துகைத் தரப்படுத்தல்.

1. சிக்கல் எங்கே உள்ளது?

ஒரு பிரயோக மென்பொருள் வன்பொருளுடன் நேரடியாகப் பேசுவதில்லை. ஒரு கோப்பைத் திறக்கவோ திரையில் படம் வரையவோ அது பணிசெயல் முறைமையிடம் வேண்டுகோள் விடுக்கிறது. விண்டோஸிடம் விடுக்கப்படும் வேண்டுகோளின் வடிவம் வேறு. லினக்ஸிடம் விடுக்கப்படுவதன் வடிவம் வேறு. எனவே விண்டோஸுக்கென எழுதிய விளையாட்டு லினக்ஸில் அப்படியே இயங்காது.

லினக்ஸ் கருவை லினஸ் டோவால்ட்ஸ் 1991 இல் வெளியிட்டார். அதன் மூலக்குறிமுறையை எவரும் பார்க்கலாம், மாற்றலாம், பகிரலாம். இதனால் பல நாடுகளில் பல பதிப்புகள் உருவாயின. இலங்கையில் ஹந்தான லினக்ஸ் உருவாக்கப்பட்டது. இந்தியாவில் சி-டாக் நிறுவனம் பொஸ் லினக்ஸை உருவாக்கியது. 2011 இல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸோடு இதுவும் இருந்தது.

2. மொழிபெயர்க்கும் மென்பொருள்கள்

வைன்: 1993 இல் தொடங்கிய திறந்த மூலத் திட்டம். விண்டோஸ் வேண்டுகோள்களை லினக்ஸ் விளங்கிக்கொள்ளும் வேண்டுகோள்களாக மாற்றுகிறது. இதன் முதலாவது முழுமையான பதிப்பு (1.0) 15 ஆண்டுகளின் பின்னர் 2008 இல் வெளிவந்தது. தொழில் எவ்வளவு கடினமானது என்பதை இக்கால இடைவெளியே காட்டும்.

புரோட்டோன்: வைனை அடிப்படையாகக் கொண்டு வால்வ் நிறுவனம் 2018 ஓகஸ்ட் மாதத்தில் வெளியிட்டது. அந்நிறுவனத்தின் ஸ்டீம் என்னும் விளையாட்டு விற்பனைச் சேவையோடு இணைந்து இயங்குகிறது.

டிஎக்ஸ்விகே: விண்டோஸின் டிரெக்ட்3டி வரைவியல் கட்டளைகளை வல்கன் என்னும் திறந்த நியமத்துக்கு மாற்றுகிறது. பிலிப் றெபோலே என்பவர் நியர்: ஓட்டோமாட்டா என்ற விளையாட்டை லினக்ஸில் இயக்க விரும்பித் தொடங்கிய வேலை இது. இன்று புரோட்டோனின் ஒரு பகுதியாக உள்ளது.

கவனிக்க: வைன் ஒரு மெய்நிகர்க் கணினி அன்று. அதற்குள் விண்டோஸ் நிறுவப்படுவதில்லை. பரீட்சையில் இவ்விரண்டையும் மாற்றி எழுதாதீர்கள்.

3. தரங்களும் அவற்றின் கருத்தும்

ஆயிரக்கணக்கான விளையாட்டுகளை ஆயிரக்கணக்கான கணினி வகைகளில் ஒரு நிறுவனத்தால் பரிசோதித்து முடிக்க இயலாது. ஆகவே பயனர்களே தமது கணினியில் முயன்று பார்த்து, பெறுபேற்றைப் பொதுத் தரவுத்தளத்தில் பதிகின்றனர். வைன் திட்டத்துக்கு ஒரு செயலித் தரவுத்தளம் உண்டு. புரோட்டோனுக்கு 2018 இல் புரோட்டோன்டிபி தொடங்கப்பட்டது. தரங்கள் வருமாறு:

பிளாற்றினம் – நிறுவியவுடன் குறையின்றி இயங்கும்.
தங்கம் – சில அமைப்புகளை மாற்றிய பின்னர் நன்கு இயங்கும்.
வெள்ளி – சிறு குறைகள் உண்டு, ஆயினும் விளையாடலாம்.
வெண்கலம் – இயங்கும். அடிக்கடி நின்றுவிடும் அல்லது விளையாட இடைஞ்சலாக இருக்கும்.
கடைசித் தரம் – இயங்காது. இதனை வைன் தரவுத்தளம் "குப்பை" என்றும், புரோட்டோன்டிபி "பழுதானது" என்ற கருத்திலும் குறிக்கின்றன.

லினக்ஸுக்கென்றே ஆக்கப்பட்ட விளையாட்டுகளுக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை. திறந்த மூல விளையாட்டான சுப்பர்டக்ஸ் இதற்கு உதாரணம்.

வால்வ் நிறுவனம் 2022 பெப்ரவரியில் ஸ்டீம் டெக் என்னும் கையடக்க விளையாட்டுக் கணினியை வெளியிட்டது. அதற்கு நிறுவனமே விளையாட்டுகளைச் சோதித்து முடிவு வழங்குகிறது. அந்தச் சோதனை ஒரு சாதனத்துக்கு மட்டும் உரியது. பயனர் அறிக்கைகளோ பலவகைக் கணினிகளிலிருந்து வருபவை. முதலாவது ஒழுங்கானது, ஆனால் ஒடுங்கியது. இரண்டாவது அகன்றது, ஆனால் ஒழுங்கற்றது.

4. செய்து காட்டப்பட்ட உதாரணம்

"க" என்னும் விளையாட்டுக்குக் கிடைத்த 10 அறிக்கைகள் கீழே தரப்பட்டுள்ளன. (பயிற்சிக்கான கற்பனைத் தரவு.)

பிளாற்றினம் – 4
தங்கம் – 3
வெள்ளி – 0
வெண்கலம் – 1
இயங்காது – 2

ஆகாரம்: அதிக தடவை வந்த தரம் பிளாற்றினம் (4).

இடையம்: தரங்களை இறங்கு வரிசையில் எழுதினால் 5 ஆம், 6 ஆம் இடங்களில் இருப்பவை தங்கம், தங்கம். ஆகவே இடையம் தங்கம்.

இடை: காணக் கூடாது. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் உள்ள தூரமும், வெண்கலத்துக்கும் இயங்காமைக்கும் உள்ள தூரமும் சமம் என எவரும் அளந்ததில்லை. தரங்களுக்கு வரிசை உண்டு. சம இடைவெளி இல்லை.

இதுவரை பார்த்தால் தரவிறக்கலாம் என்றே தோன்றும். இனி, அதே அறிக்கைகளைக் கணினி வகைப்படி பிரிப்போம்.

தனியான புதிய வரைவியல் அட்டை உள்ள கணினிகள் (7): பிளாற்றினம் 4, தங்கம் 3.
பழைய, இணைந்த வரைவியல் சில்லு மட்டும் உள்ள கணினிகள் (3): வெண்கலம் 1, இயங்காது 2.

நமது சந்தர்ப்பத்திலுள்ள பாவித்த கணினி இரண்டாவது வகையைச் சேர்ந்தது என்று கொள்க. அதற்குப் பொருந்தும் மூன்று அறிக்கைகளில் ஒன்றாவது தங்கமோ வெள்ளியோ அன்று. மொத்த இடையம் "தங்கம்" எனக் காட்டியது. அது வேறு கணினிகளுக்கான விடை.

இதற்குத் தொழினுட்பக் காரணமும் உண்டு. டிஎக்ஸ்விகே இயங்க வரைவியல் சாதனத்தில் வல்கன் வசதி இருத்தல் வேண்டும். 2012 க்கு முற்பட்ட இணைந்த வரைவியல் சில்லுகள் பலவற்றில் அவ்வசதி இல்லை. ஆகவே இங்கு குறை லினக்ஸிலும் இல்லை, அறிக்கை எழுதியவரிலும் இல்லை. வன்பொருளின் வயதில் உள்ளது.

மூன்று அறிக்கைகள் மிகச் சிறிய மாதிரி என்பதையும் விடையில் குறிப்பிடுக. மூன்றை வைத்து "ஒருபோதும் இயங்காது" என எழுதினால் புள்ளி குறையும். "இயங்காதிருக்க வாய்ப்பு அதிகம், 30 கிகாபைற்றைச் செலவிட முன்னர் கணினியில் வல்கன் வசதி உண்டா எனப் பார்க்க வேண்டும்" என்பதே சரியான முடிவு.

5. தகவலின் பண்புகளைப் பிரயோகித்தல்

(அ) பொருத்தமுடைமை: அறிக்கையாளரின் கணினி நமது கணினியை ஒத்ததா? மேலே கண்ட உதாரணம் இதனை விளக்கியது.

(ஆ) முழுமை: "நன்றாக ஓடுகிறது" என்ற அறிக்கையால் பயன் இல்லை. வரைவியல் அட்டை, சாதனச் செலுத்தி, நினைவகம், லினக்ஸ் பதிப்பு, புரோட்டோன் பதிப்பு ஆகியன இருத்தல் வேண்டும்.

(இ) செம்மை: பத்து நிமிடம் விளையாடியவரும் பத்து மணித்தியாலம் விளையாடியவரும் ஒரே தரத்தை வழங்கலாம். முதலாமவர் பின்னர் வரும் பழுதைக் கண்டிருக்கமாட்டார். மேலும், லினக்ஸ் மீது பற்றுள்ள ஒருவர் மூன்று அமைப்புகளை மாற்றிவிட்டும் பிளாற்றினம் எனப் பதியக்கூடும். இது பக்கச்சார்பு எனப்படும்.

(ஈ) உரிய காலத்தில் கிடைத்தல்: தகவலின் பெறுமதி காலத்தோடு குறையும். இதற்கு இரு உண்மை உதாரணங்களை நினைவில் வைத்திருங்கள்.

முதலாவது, அப்பெக்ஸ் லெஜென்ட்ஸ். 2019 இல் வெளிவந்த இணையவழி விளையாட்டு. 2022 இலிருந்து ஸ்டீம் டெக்கிலும் லினக்ஸ் கணினிகளிலும் விளையாடப்பட்டது. மோசடிகளைத் தடுப்பதற்காக என்று கூறி 2024 ஒக்டோபர் 31 அன்று லினக்ஸ் பயனர்களுக்கான அனுமதி நிறுத்தப்பட்டது. அதற்கு முந்திய நல்ல அறிக்கைகள் எழுதிய நாளில் உண்மை. நிறுத்தத்தின் பின்னர் அவற்றை நம்பித் தரவிறக்கியவர் ஏமாந்திருப்பார்.

இரண்டாவது, நியர்: ஓட்டோமாட்டா. டிஎக்ஸ்விகே வருமுன்னர் இத்தகைய டிரெக்ட்3டி 11 விளையாட்டுகள் பல வைனில் சரிவரக் காட்சியளிக்கவில்லை. அது வந்த பின்னர் நிலைமை மாறியது. எனவே பழைய தாழ்ந்த தரமும் பிழையாக வழிகாட்டலாம்.

(உ) குறைந்த செலவு: சில கிலோபைற்று அளவுள்ள அறிக்கைகளை வாசிப்பதால் பல கிகாபைற்றுகள் மிச்சமாகின்றன.

6. நாமும் ஓர் அறிக்கை எழுதுதல்

பழைய கணினி வைத்திருப்போர் அறிக்கை எழுதாவிட்டால், தரவுத்தளத்தில் புதிய கணினிகளின் குரலே கேட்கும். அப்போது நம்மைப் போன்ற அடுத்த பாவனையாளருக்குப் பொருத்தமான தரவு கிடைக்காது. விளையாட்டு இயங்கவில்லை என்றாலும் பதிய வேண்டும், தோல்வியும் தரவே. நல்ல அறிக்கையின் மாதிரி வருமாறு:

"4 கிகாபைற்று நினைவகம், இணைந்த வரைவியல் சில்லு. விளையாட்டு திறந்தது. முதற் காட்சியின் பின்னர் திரை கறுப்பாகியது. புரோட்டோனின் இரு பதிப்புகளில் முயன்றேன். இரண்டிலும் அதே பெறுபேறு."

இதில் ஊகமில்லை, கோபமில்லை. செய்ததும் கண்டதும் மட்டுமே உள்ளன. உங்கள் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம் ஆகியவற்றை அறிக்கையில் எழுத வேண்டாம். அவை இங்கு தேவையற்ற தரவுகள்.

7. பயிற்சி வினாக்கள்

1. விண்டோஸுக்கென எழுதிய விளையாட்டு லினக்ஸில் நேரடியாக இயங்காமைக்குக் காரணம் ஒன்று தருக.

2. "4 பேர் பிளாற்றினம் என்றனர்." "எனது கணினியில் இவ்விளையாட்டு இயங்காதிருக்க வாய்ப்பு அதிகம்." இவற்றுள் தரவு எது, தகவல் எது? காரணம் கூறுக.

3. பகுதி 4 இலுள்ள தரவுக்கு மேலும் இரு "வெள்ளி" அறிக்கைகள் சேர்ந்தால் இடையம் யாது?

4. ஒரு விளையாட்டுக்கு 2023 இல் 40 பிளாற்றினம் அறிக்கைகளும், கடந்த மாதத்தில் 5 "இயங்காது" அறிக்கைகளும் உள்ளன. நீர் எவற்றுக்கு முதன்மை வழங்குவீர்? ஏன்?

5. நிறுவனச் சோதனை, பயனர் அறிக்கை ஆகிய ஒவ்வொன்றினதும் நன்மை ஒன்று, குறைபாடு ஒன்று வீதம் எழுதுக.

விடைக் குறிப்புகள்

1. இரு முறைமைகளினதும் வேண்டுகோள் வடிவங்கள் வேறுபடுகின்றமை.

2. முதலாவது தரவு; இரண்டாவது தரவைப் பகுத்துப் பெற்ற, முடிவெடுக்க உதவும் தகவல்.

3. மொத்தம் 12, 6 ஆம், 7 ஆம் இடங்களில் தங்கம். இடையம் மாறாது.

4. அண்மைய 5 அறிக்கைகளுக்கு. எண்ணிக்கை குறைவு எனினும் இன்றைய நிலையைக் காட்டுவன அவையே. அவற்றின் கணினி விபரங்களையும் பார்க்க வேண்டும் எனச் சேர்த்து எழுதினால் முழுப் புள்ளி பெறலாம்.

5. பகுதி 3 இன் இறுதிப் பந்தியைச் சொந்த வசனத்தில் எழுதுக. அதே வசனங்களைப் பார்த்தெழுத வேண்டாம்.