சாரல் நாளில் இரண்டு நாள்: தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் பையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு

ஆனி பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்து ஆளைப் போனில் பிடிக்கும் வெளியூர்க்காரர்கள் முதலில் கேட்பது, "தண்ணி விழுதா?" என்றுதான். விழுகிறது என்று தெரிந்ததும் ஒரு பையில் இரண்டு செட் துணியைத் திணித்துக்கொண்டு ரயிலேறிவிடுவார்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அப்படி வருகிறவர்களுக்காக இது.

செய்ய வேண்டியவை

முதலில் தென்காசியில் இறங்கி ஒரு காலைப் பொழுதை ஊருக்குக் கொடுங்கள். பலரும் ஸ்டேஷனிலிருந்து நேரே அருவிக்கு ஓடுகிறார்கள். இடையில் ஐந்தாறு கிலோமீட்டர்தான். அருவி எங்கேயும் போய்விடாது. காசி விசுவநாதர் கோயிலின் கோபுர வாசலில் ஒரு நிமிஷம் நில்லுங்கள். மலையிடுக்கு வழியாக வரும் மேல்காற்று முகத்தில் அறையும். நாலு எட்டு உள்ளே வைத்தால் அதே காற்று முதுகைத் தள்ளும். சின்ன வயதில் இதற்காகவே நாங்கள் பத்துத் தடவை உள்ளேயும் வெளியேயும் ஓடியிருக்கிறோம்.

இந்தக் கோயிலை எழுப்பியவன் பராக்கிரம பாண்டியன். வேலை தொடங்கியது 1446-இல் என்பார்கள். பிற்காலத்தில் இந்தக் கோயிலுக்கு ஒரு குறை வந்து, அதை யாராவது சரிசெய்தால், அவர்கள் காலில் நான் இப்போதே விழுந்து கும்பிடுகிறேன் என்ற பொருளில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். 1924-இல் கோபுரம் எரிந்தது. அதன் பிறகு பல பத்தாண்டுகள் மொட்டைக் கோபுரமாகவே நின்றது. 1990-இல்தான் ஒன்பது நிலையோடு, சுமார் 180 அடி உயரத்துக்கு மறுபடி எழுந்தது. அதைக் கட்டி முடித்த கைகளைத்தான் அந்த அரசன் ஐந்நூறு வருஷத்துக்கு முன்பே கும்பிட்டிருக்கிறான். இது தெரிந்து அண்ணாந்து பார்த்தால் கோபுரம் வேறு மாதிரி தெரியும்.

அறை தென்காசியிலேயே போடுங்கள். குற்றாலத்துக்கு அடிக்கடி பஸ் இருக்கிறது. ஆட்டோ என்றால் ஏறுவதற்கு முன்பே வாடகை பேசிவிடுங்கள்.

குளியலை விடிகாலையில் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் இருக்காது. தலையில் தண்ணீர் விழும்போது உச்சி மரத்துப்போய், பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. பேரருவியில் குளித்து, துணி மாற்றி, குற்றாலநாதரைக் கும்பிட்டுவிட்டுச் சித்திரசபைக்கு நடங்கள். நடராசருக்குரிய ஐந்து சபைகளில் இது ஒன்று. இங்கே அவர் ஓவியமாக இருக்கிறார். சுவரெல்லாம் பழைய சித்திரங்கள். ஈரக்கையோடு தொடாதீர்கள்.

மங்குஸ்தான் வாங்குங்கள். தோலை லேசாக அழுத்திப் பார்த்தால் இடம் கொடுக்க வேண்டும். கல்லாக இருந்தால் பழசு. பழத்தின் அடியில் பூப்போல இருக்கும் இதழ்களை எண்ணுங்கள். உள்ளே அத்தனை சுளை இருக்கும். தோலின் சாறு சட்டையில் பட்டால் கறை போகாது.

சாயங்காலம் செங்கோட்டைக்குப் பக்கத்தில் பிரானூர் பார்டரில் பரோட்டா. 1956 வரை செங்கோட்டை திருவிதாங்கூரோடு, பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. அந்த எல்லைதான் இன்றும் பேரில் நிற்கிறது.

செய்யக்கூடாதவை

முடிந்தால் சனி, ஞாயிறு வராதீர்கள்.

போலீஸ்காரர் விசில் அடித்தால், "இன்னும் ரெண்டு நிமிஷம்" என்று நிற்காதீர்கள். எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். மழை மலைமேல் பெய்யும். கீழே நிற்பவருக்கு அது தெரியாது. தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறினால், சருகும் சுள்ளியும் சேர்ந்து வந்தால், விசிலுக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம். பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென வந்த வெள்ளம் பதினேழு வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது. அருவிக்கு அழைத்து வந்த பிள்ளை இல்லாமல் ஒரு குடும்பம் வீடு திரும்பியது. குளிக்கத் தடை போட்டிருக்கிறார்கள் என்று கோபப்படுகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வனத்துறை அனுமதி இல்லாமல் செண்பகாதேவி, தேனருவிப் பக்கம் ஏறாதீர்கள். குரங்குக்குத் தின்பண்டம் நீட்டாதீர்கள். அடுத்து வருகிறவர் பையை அது பிடுங்கும். குளித்த பழைய துணியைத் தண்ணீரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

எண்ணெய், சோப்பு, ஷாம்பு வேண்டாம். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே தடை விதித்திருக்கிறது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பது குற்றாலத்தில் பழைய வழக்கம்தான், எனக்கும் தெரியும். ஆனால் அன்று வந்தவர்கள் கொஞ்சம் பேர்; இன்று எண்ணெயால் வழுக்கும் பாறையில் குழந்தைகள் விழுகிறார்கள். இந்தத் தண்ணீர் அருவிக்கரையோடு முடிந்துவிடுவதும் இல்லை. சிற்றாறாகித் தென்காசி வழியே ஓடி, வயல்களுக்குப் பாய்ந்து, சீவலப்பேரிக்குப் பக்கத்தில் தாமிரபரணியில் சேருகிறது. வழியெல்லாம் இதை நம்பி நாற்று விடுகிறவர்கள் இருக்கிறார்கள். காலி பாக்கெட்டையும் பாட்டிலையும் வந்த பையிலேயே போட்டு, உங்கள் ஊருக்கே கொண்டுபோய்விடுங்கள்.