சிறுநீரகமும் அமிலமும் அதிமதுரமும்

நாம் உண்ணும் கோழி, மீன், முட்டை ஆகியவற்றிலுள்ள புரதம் உடலில் எரியும்போது கந்தக அமிலம் உண்டாகிறது. ஒரு கிலோகிராம் உடல் எடைக்கு ஏறத்தாழ 1 மில்லிமோல் என்ற கணக்கில் இத்தகைய அமிலங்கள் நாள்தோறும் சேர்கின்றன. கரியமில வாயுவைப்போல் இவற்றை மூச்சுவழி வெளியேற்ற இயலாது. சிறுநீரகம்தான் அகற்ற வேண்டும். இரத்தத்தின் பி.எச். அளவோ 7.35க்கும் 7.45க்கும் இடையில் நிற்க வேண்டும். ('அமிலம்', 'காரம்' என்பன தமிழ்ப்பள்ளியில் லிட்மஸ் தாளுடன் நாம் கற்ற சொற்கள். இடைநிலைப்பள்ளியில் இவற்றை மலாயில் படித்தபோதும் என் மனத்தில் நின்றவை அச்சொற்களே.)

இப்பணியை முடுக்கிவிடும் ஹார்மோன்களுள் முக்கியமானது அல்டோஸ்டெரோன். சிறுநீரகத்தின்மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியில், கொலஸ்டிராலிலிருந்து உருவாகும் ஸ்டீராய்டு இது. சிறுநீரகத்தின் சேகரிப்புக் குழாய்களில் இருவகை உயிரணுக்கள் உள்ளன. ஒருவகை, இந்த ஹார்மோனின் தூண்டுதலால் சோடியத்தை உள்ளே இழுக்கிறது. அதனால் குழாயினுள் எதிர்மின்னூட்டம் மிகுந்து, பொட்டாசியமும் ஹைட்ரஜன் அயனியும் வெளியே ஈர்க்கப்படுகின்றன. மற்றொரு வகை, ஹைட்ரஜன் அயனியைத் தானே சிறுநீருக்குள் இறைக்கிறது. அந்த இறைப்பையும் அல்டோஸ்டெரோன் விரைவுபடுத்துகிறது. வெளியேறும் ஒவ்வொரு ஹைட்ரஜன் அயனிக்கும் ஒரு பைகார்பனேட் இரத்தத்தில் சேர்கிறது.

இந்த ஹார்மோன் குறைந்தால் அமிலமும் பொட்டாசியமும் உடலில் தேங்கும். தாமஸ் அடிசன் 1855இல் விவரித்த அட்ரினல் நோயில் இதைக் காணலாம். மிகுந்தால் இரத்தம் காரத்தன்மை அடையும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெரோம் கான் 1955இல் அறிவித்த 34 வயதுப் பெண்ணுக்கு உயர் இரத்த அழுத்தம், தசைத் தளர்ச்சி, தசைப்பிடிப்பு எல்லாம் இருந்தன. காரணம், அல்டோஸ்டெரோனைச் சுரந்த அட்ரினல் கட்டி. அதை அகற்றியதும் நோய் நீங்கியது.

என்னை வியக்க வைத்தது வேறொன்று. அல்டோஸ்டெரோன் பொருந்தும் அதே ஏற்பியில் கார்ட்டிசோலும் பொருந்தும். இரத்தத்தில் கார்ட்டிசோல் அதைவிட நூறு மடங்குக்கும் அதிகம்! பிறகு எப்படி நாம் பிழைத்திருக்கிறோம்? அந்த உயிரணுக்களில் ஒரு நொதி காவலிருந்து, உள்ளே வரும் கார்ட்டிசோலைச் செயலற்ற கார்ட்டிசோனாக மாற்றிவிடுகிறது.

அந்தக் காவலை முடக்குவதுதான், நம் வீடுகளில் தொண்டைக் கரகரப்புக்கு மெல்லத் தரும் அதிமதுரம். சீன மருந்துக்கடையிலும் இதே வேர் கிடைக்கும். அதன் இனிப்புக்குக் காரணமான கிளிசிரைசின் உடலில் மாற்றமடைந்து அந்த நொதியைத் தடுக்கிறது. கார்ட்டிசோல் ஏற்பியைப் பிடித்துக்கொள்கிறது. கானின் நோயாளிக்கு நேர்ந்தவை அனைத்தும் நேரலாம். பொட்டாசியம் மிகக் குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும்.

இருமலுக்கு ஓரிரு நாள் ஒரு துண்டு மென்றால் நலமுள்ளவர் அஞ்ச வேண்டியதில்லை என்பதே என் கருத்து. நாள்தோறும் கஷாயமாகக் குடிப்பது வேறு. கிளிசிரைசின் நாளொன்றுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டலாகாது என ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவு அறிவியல் குழு 2003இல் கூறியது. இரத்த அழுத்தம் உள்ளவர்களும், சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை உண்பவர்களும் இதைத் தவிர்ப்பதே நன்று. இன்னொன்று: இந்நிலையில் இரத்தத்தைச் சோதித்தால் அல்டோஸ்டெரோன் குறைவாகவே காட்டும். ஆகவே, வீட்டில் என்ன குடித்தோம் என்பதை நாமே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.