குடியின் கேட்டை அளக்கும் கோல்

தோற்றுவாய்

திருவள்ளுவர் 'கள்ளுண்ணாமை' என்னும் 93ஆம் அதிகாரத்தில் குடிப்பவனின் கேட்டை மட்டும் கூறி அமையவில்லை. அவனைப் பெற்ற தாயின் முகத்தையும் சான்றோர் முகத்தையும் நம் கண்முன் நிறுத்துகிறார். குடியின் கேடு குடிப்பவனோடு நின்றுவிடுவதில்லை என்பது இதனால் புலனாகும். இக்கேட்டை இன்றைய ஆய்வுலகம் எங்ஙனம் அளக்கிறது என்பதை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

இறப்புக் கணக்கு

மதுவால் 2019ஆம் ஆண்டில் உலகெங்கும் 26 இலட்சம் பேர் இறந்தனர் என உலக நலவாழ்வு நிறுவனம் 2024இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிடுகிறது. அவருள் ஆடவர் 20 இலட்சம். பெண்டிர் 6 இலட்சம். இக்கணக்கு இன்றியமையாதது; எனினும் முழுமையானது அன்று. கல்லீரல் கெட்டு மாண்டவர் இதில் இடம்பெறுவர். அவர் வாழ்ந்த நாளில் அடிபட்ட மனைவியும், படிப்பை விட்டுக் கூலிக்குச் சென்ற மகனும் இடம்பெறார்.

பிறர்க்கு நேரும் கேடு

இக்குறையை நிரப்ப முயன்ற ஆய்வுகளுள் இரண்டு கருதத்தக்கன. பிரித்தானியாவில் டேவிட் நட் என்பாரும் பிறரும் 2010இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டது ஒன்று. அவர்கள் 20 போதைப்பொருள்களை 16 அளவைகளால் எடையிட்டனர். அவற்றுள் 9 பயன்படுத்துவோர்க்கு நேரும் கேட்டையும், 7 பிறர்க்கு நேரும் கேட்டையும் குறிப்பன. குற்றம், காயம், குடும்பத் துன்பம், பொருளிழப்பு முதலியன பின்னவற்றுள் அடங்கும். நூற்றுக்கு மது 72 புள்ளிகளும் ஹெராயின் 55 புள்ளிகளும் பெற்றன. மதுவின் 72இல் 46 பிறர்க்கு நேரும் கேட்டுக்கு உரியவை. ஒரு மிடறு மது அதே அளவு ஹெராயினைவிடக் கொடிது என்பது இதன் பொருளன்று. மது எங்கும் பரவியிருத்தலால் சமூகத்திற்கு நேரும் மொத்தக் கேடு மிகுதி என்பதே பொருள். இவ்வெண்கள் வல்லுநர்தம் தீர்ப்பேயன்றி நேரடி அளவை அல்ல என்பதையும் நாம் மறத்தலாகாது.

மற்றொன்று அதே ஆண்டில் ஆஸ்திரேலியாவில் வெளிவந்தது. பிறருடைய குடியால் தமக்கு நேர்ந்தது யாது எனப் பொதுமக்களையே வினவி, அரசுப் பதிவேடுகளோடும் இணைத்துக் கண்ட ஆய்வு அது.

நம் மாநில நிலை

1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கண்ட நம் மாநிலத்தில், 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனையை அரசு நிறுவனமே நடத்துகிறது. 2023-24ஆம் ஆண்டில் அதனால் வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கும் மேல். வரவு ஓரிடத்தில் திரண்டு ஓர் எண்ணாகத் தெரிகிறது. கேடோ மருத்துவமனையிலும், காவல் நிலையத்திலும், அடகுக்கடையிலும், அடுக்களையிலும் சிதறிக் கிடக்கிறது. கூட்டிப் பார்க்கப்படாத கேடு இல்லாத கேடாகவே கொள்ளப்படுகிறது.

நிறைவுரை

எனவே அளக்கும் கோல் குடிப்பவர் கையில் மட்டுமன்று, குடியாதவர் கையிலும் இருத்தல் வேண்டும். நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குச் செல்லும் நம் மாணவர்கள் தாய்மாரைத் தனியே கண்டு, பெயர் குறியாது, சிலவற்றை வினவலாம். சென்ற வாரக் கூலியில் வீடு வந்து சேர்ந்தது எவ்வளவு? அடகில் இருப்பது யாது? அச்சத்தால் உறங்காத இரவுகள் எத்தனை? விடைகளைத் தொகுத்து ஊர்ப் பெரியோர்முன் வைப்போம். தாயின் முகத்தில் எழுதப்பட்ட கணக்கு ஏட்டிலும் ஏறட்டும்.