சாணியில் கை வைக்கிற நமக்கு ஒரு களிம்புப் பாடம்

போன புரட்டாசியில் வேலி ஓரத்துச் சீமைக்கருவேலை வெட்டி ஒதுக்கும்போது ஒரு முள், ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு என் குதிகாலில் ஏறிவிட்டது. பிடுங்கி எறிந்தேன். மோட்டார் கொட்டகையில் தொங்கிய பையிலிருந்து பழுப்புக் களிம்பை எடுத்து அப்பினேன். ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு நேராகப் போய் ஜீவாமிர்தத் தொட்டியைக் கலக்க ஆரம்பித்துவிட்டேன். முழங்கால் வரைக்கும் கரைசல் தெறித்தது.

சாயங்காலம் எங்கள் தெருவுக்கு வந்த கிராம சுகாதார செவிலியர், நான் நொண்டுவதைப் பார்த்துவிட்டு, "ஐயா, கடைசியா எப்போ டி.டி. ஊசி போட்டீங்க?" என்று கேட்டார். "மருந்து போட்டாச்சும்மா" என்றேன். "நான் மருந்தைக் கேக்கல, ஊசியைக் கேட்டேன்." எனக்குப் பதில் தெரியவில்லை. பையன் பத்தாவது படிக்கும்போது ஒருமுறை போட்ட ஞாபகம். அவனுக்கே இப்போது கல்யாணமாகிவிட்டது.

நம்மில் பலபேர் இப்படித்தான் இருக்கிறோம். அதனால்தான் இந்தக் களிம்பைப் பற்றி, அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று எழுதலாம் என்று தோன்றியது.

அந்தப் பழுப்புக் களிம்பின் பெயர் பொவிடோன் அயோடின். நம்ம ஊரில் பீட்டாடின் என்று சொன்னால்தான் தெரியும். 'ரசாயனமே வேண்டாம் என்கிற நீங்களே இதைப் போடலாமா?' என்று சில நண்பர்கள் கேலி செய்வார்கள். அயோடினை 1811-இல் பிரான்ஸ் நாட்டு பெர்னார்ட் கூர்த்துவா என்பவர் கண்டெடுத்ததே கடற்பாசிச் சாம்பலிலிருந்துதான். நாம் பயிருக்குத் தெளிக்கிற கடற்பாசிக்கு அது தூரத்துச் சொந்தம். பழைய டிங்க்சர் அயோடின், காயத்தில் பட்டால் உயிர் போகிற மாதிரி எரியும். 1950-களில் அயோடினைப் பொவிடோன் என்ற பொருளோடு சேர்த்துக் கட்டிப்போட்டார்கள். கட்டவிழ்ந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளிவருவதால் எரிச்சல் குறைவு, வேலையும் நீடித்து நடக்கும். சொட்டுநீர்ப் பாசனம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அயோடின், கிருமியை மட்டும் தேடிப்போய்த் தாக்குவதில்லை. ரத்தம், சீழ், சாணி, சேறு எது எதிரே இருந்தாலும் அதன்மேல் தன்னைச் செலவழித்துவிடும். பழுப்பு நிறம் வெளுத்துவிட்டால் அது தீர்ந்துபோனது என்று அர்த்தம். அழுக்குக் காயத்தின்மேல் அரை டியூப் பிதுக்குவது, களை எடுக்காத வயலில் உரம் போடுகிற கதைதான்.

ஆகவே முதல் மருந்து தண்ணீரும் சோப்பும். மோட்டார் தண்ணீர் தெளிவாக ஓடினால் அதுவே போதும். வாய்க்கால் தண்ணீரும் குட்டைத் தண்ணீரும் வேண்டாம். முதலில் கையைக் கழுவிவிட்டு, ஓடுகிற தண்ணீரில் ஐந்து நிமிஷம் காயத்தைக் கழுவுங்கள். உள்ளே மண், உமி, முள் நுனி இருந்தால் வெளியே வரட்டும். ரத்தம் நிற்காவிட்டால் சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிஷம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நடுவில் நடுவில் எடுத்துப் பார்க்கக் கூடாது. அதற்கும் நிற்காவிட்டால் அழுத்திப் பிடித்தபடியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள். நின்றுவிட்டால் ஒற்றித் துடைத்து, களிம்பை மெல்லிசாகத் தடவி, மேலே பஞ்சுத்துணி வைத்துக் கட்டலாம். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு தடவை மாற்றினால் போதும். நடவு வயலில் நின்று கட்டு நனைந்தால் மட்டும் அப்போதே மாற்றிவிட வேண்டும். ஈரக்கட்டு புண்ணை ஊறவைத்துவிடும்.

நுரை பொங்குகிற ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றிவிட்டு அதன்மேலேயே இதையும் தடவுகிறவர்கள் உண்டு. ஒன்றின் வேலையை மற்றது கெடுக்கும், இரண்டையும் சேர்க்காதீர்கள். படைக்கும் அரிப்புக்கும் மெடிக்கலில் வாங்குகிற டியூப்கள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. புண்ணில் அதைப் போட்டால் காயம் ஆறுவது தாமதமாகும், கிருமி உள்ளே வளர்வதும் வெளியே தெரியாது. மாட்டுக்கு வாங்கி வைத்த களிம்பை மனுஷனுக்குப் போடுவதும் தப்பு.

இப்போது சாணிக்கு வருவோம். ஜீவாமிர்தத்துக்கும் பஞ்சகவ்யத்துக்கும் உயிர் கொடுக்கிற அதே சாணத்திலும், நாம் பொன்னாகக் காக்கிற மண்ணிலும் ரணஜன்னிக் கிருமியின் வித்துகள் இருக்கின்றன. விதை உறங்குகிற மாதிரி வருஷக்கணக்கில் உறங்கும். காற்று பட்டால் முளைக்காது. காற்றுப் புகாத இடம் கிடைத்தால் விழித்துக்கொள்ளும். நம்ம எருக்குழியில் மேலே ஒரு வகை நுண்ணுயிரும் காற்றே போகாத அடியில் வேறு வகையும் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறோமே, அதே கணக்குதான். முள் குத்திய துளை மேலே சின்னதாக மூடிக்கொள்ளும், அடியில் காற்று இருக்காது. அங்கே அந்தக் கிருமி விடுகிற நஞ்சு நரம்பைப் பிடிக்கும். தாடை இறுகி வாய் திறக்க முடியாமல் போகும், பிறகு உடம்பு வில்லாக வளையும். பெரும்பாலும் காயம் பட்ட 3 நாளிலிருந்து 21 நாளுக்குள் தெரியவரும். அதற்குள் குத்திய இடமே ஆறி மறந்துபோயிருக்கும்.

துருப்பிடித்த ஆணிதான் ஆபத்து என்று ஒரு பேச்சு இருக்கிறது. துரு ஒன்றும் செய்யாது, ஆணியில் ஒட்டியிருக்கிற மண்ணும் சாணியும்தான் செய்யும். பச்சை முள்ளும் அதைச் செய்யும்.

களிம்பு தோலின் மேல்பரப்பில்தான் வேலை செய்கிறது. துளையின் அடிக்கு அது போகாது, அந்த வித்துகளையும் லேசில் கொல்லாது. ரணஜன்னியைத் தடுப்பது ஊசி மட்டுமே. அதிலும் ஒரு குழப்பம். முன்னே போட்ட டி.டி. ஊசி ரணஜன்னிக்கு மட்டும். இப்போது வருவதில் தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்தே இருக்கிறது. தமிழில் சொன்னால் பெயர் ஒன்றுபோலத்தான் கேட்கும், பரவாயில்லை. முழுத் தவணையும் ஏற்கெனவே போட்டவர்களுக்கு 10 வருஷத்துக்கு ஒருமுறை போதும். சாணி, மண் பட்ட காயம் அல்லது ஆழமாகக் குத்தின காயம் என்றால், கடைசி ஊசி போட்டு 5 வருஷம் தாண்டியிருந்தாலே இன்னொன்று வேண்டும். சின்ன வயதில் தடுப்பூசியே போடாத பெரியவர்கள் நம்மிடையே நிறைய. அவர்கள் அதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லவேண்டும், கூடுதலாக வேறொரு ஊசியும் தேவைப்படலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இது சாதாரணமாகக் கிடைக்கிறதுதான். ஊசி எவ்வளவு செய்யும் என்பதற்கு ஒரு சாட்சி: பிறந்த குழந்தைகளை வாரிக்கொண்டு போன ரணஜன்னி நம் நாட்டில் ஒழிக்கப்பட்டுவிட்டதாக 2015-இல் அறிவித்தார்கள். கர்ப்பிணிகளுக்குப் போட்ட ஊசியும், சுத்தமான பிரசவமும்தான் காரணம்.

வெட்டுக்காயப் பூண்டைக் கசக்கிச் சாறு பிழிவது நம் கை மருத்துவம். மேலோட்டமான சிராய்ப்புக்கு எங்கள் அம்மாவும் செய்வார்கள், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வரப்பில் கிடக்கிற இலையில் மண் இருக்கிறது, ஆழமான காயத்தில் அந்தச் சாறு போகக் கூடாது. காப்பித்தூள், சுண்ணாம்பு, மூக்குப்பொடி, சாம்பல், சாணி இவை எதுவுமே எந்தக் காயத்திலும் வேண்டாம். சாணியின் இடம் நிலம்.

தைராய்டு தொந்தரவு உள்ளவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள் இந்தக் களிம்பைக் கேட்காமல் போடக் கூடாது. கைக்குழந்தைக்கும் அப்படியே. அயோடின் தோல் வழியாக உடம்புக்குள் இறங்கும். அதனால் பெரிய தீக்காயம் முழுக்க அப்புவதும் ஆபத்து. தீக்காயத்துக்கு 20 நிமிஷம் ஓடுகிற தண்ணீர், பிறகு ஆஸ்பத்திரி. களிம்பு போட்ட இடம் சிவந்து தடித்து அரித்தால் கழுவிவிட்டு நிறுத்திவிடுங்கள்.

நாய் கடித்தால் 15 நிமிஷம் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றைக்கே வெறிநாய்க்கடி ஊசிக்குப் போங்கள். பாம்புக்கடிக்குக் களிம்பும் வேண்டாம், கீறுவதும் வேண்டாம், ஓடாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக வேண்டும்.

சர்க்கரை நோய் உள்ளவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். காலில் முள் ஏறியதே அவர்களுக்குத் தெரியாது. ராத்திரி படுக்குமுன் இரண்டு உள்ளங்காலையும் வீட்டில் ஒருவர் விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட வேண்டும். சின்னப் புண் என்றாலும் அவர்கள் களிம்பை நம்பி நாள் கடத்தக் கூடாது. மற்றவர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு: சிவப்பு பரவுகிறது, சூடாக இருக்கிறது, சீழ் வருகிறது, காய்ச்சல் அடிக்கிறது, தொடையிடுக்கிலோ அக்குளிலோ நெறி கட்டிவிட்டது என்றால், அதற்குமேல் டியூபைத் திறக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

எனக்கு மறுநாள் காலையில் ஊசி போட்டார்கள். குதிகாலில் ஒடிந்து நின்ற முள் நுனியையும் டாக்டர்தான் எடுத்தார். அது உள்ளே இருப்பதே எனக்குத் தெரியாது. திரும்பி வந்ததும், தகரக் கொட்டகையின் சூட்டில் இளகி, தேதி முடிந்து கிடந்த அந்த டியூபைத் தூக்கி எறிந்தேன். புதிது இப்போது வீட்டுக்குள் நிழலில், ஒரு மூடி போட்ட டப்பாவில் சோப்போடும் பஞ்சுத்துணியோடும் இருக்கிறது. கரைசல் கலக்க முழங்கை வரைக்கும் ரப்பர் கையுறையும் வாங்கிவிட்டேன். டப்பா மூடியின் உள்பக்கம் வீட்டில் உள்ள ஐந்து பேரின் பெயரையும், அவரவர் கடைசியாக ஊசி போட்ட தேதியையும் எழுதி ஒட்டியிருக்கிறோம். அம்மாவின் பெயருக்கு நேரே இதுவரை எதுவும் எழுதவில்லை. அடுத்த புதன்கிழமை கூட்டிப் போகிறேன்.