கம்ப்யூட்டரின் வருகைப் பதிவேடு



காலையில் டீச்சர் பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவாங்க. ஒருத்தி பேர் விட்டுப்போச்சுன்னா, அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் கூப்பிட மாட்டாங்க. அதுக்காக அவள் பள்ளிக்கே வரலைன்னு ஆகிடுமா?

கம்ப்யூட்டரிலும் இப்படி ஒரு பதிவேடு உண்டு. பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் விழிப்பது விண்டோஸ் இல்லை. மதர்போர்டிலேயே இருக்கும் ஃபர்ம்வேர் என்ற மென்பொருள்தான். பழைய கம்ப்யூட்டர்களில் அதன் பெயர் பயாஸ். இப்போது வருவது யு.இ.எஃப்.ஐ. கரண்ட் இல்லாவிட்டாலும் அழியாத நினைவகத்தில் அது ஒரு பட்டியல் வைத்திருக்கும். பூட்0000, பூட்0001 என்று பதிவுகளுக்கு எண் உண்டு. பெயர் என்ன, எந்த டிஸ்க், எந்த ஃபைல் என்று ஒவ்வொன்றிலும் இருக்கும். யாரை முதலில் கூப்பிடுவது என்ற வரிசையும் உண்டு.

ஃபர்ம்வேரை அப்டேட் செய்தாலோ, சில கம்ப்யூட்டர்களில் டிஸ்க்கைக் கழற்றி மாட்டினாலோ ஒரு பதிவு காணாமல் போகலாம்.

எங்கள் தெரு அக்கா ஒருவரின் லேப்டாப்பில் விண்டோஸ், உபுண்டு இரண்டும் இருந்தன. ஒருநாள் உபுண்டு வரவே இல்லை. காலேஜ் ப்ராஜெக்ட் முழுக்க அதிலேதான் இருந்தது. கடையில், "ஃபார்மட் பண்ணினாத்தான் சரியாகும்"னு சொல்லிட்டாங்க. அக்கா அழுதே விட்டார். அவருடைய தோழி வந்து பார்த்தால், டிஸ்க்கில் உபுண்டு பத்திரமாக இருக்கிறது. பட்டியலில்தான் பேர் இல்லை!

அவர் பயன்படுத்தியது ‘இ.எஃப்.ஐ. பூட் எடிட்டர்’ என்ற இலவச மென்பொருள். கறுப்புத் திரையில் கட்டளை அடிக்க வேண்டியதில்லை. பட்டியல் கண்ணுக்கு எதிரே தெரியும்.

செய்முறை:
1. விண்டோஸில் அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்கணும்.
2. இருக்கிற பட்டியலை முதலில் ஒரு நகல் எடுத்து வைக்கணும்.
3. புதுப் பதிவு சேர்த்து ‘உபுண்டு’ என்று பேர் வைக்கணும். இ.எஃப்.ஐ. பகுதியைத் தேர்ந்தெடுத்து, அதில் உபுண்டு ஃபோல்டருக்குள் இருக்கும் ‘ஷிம்எக்ஸ்64’ ஃபைலைக் காட்டணும்.
4. அதை முதலிடத்துக்கு நகர்த்தி, சேமித்து, ரீஸ்டார்ட் பண்ணணும்.

உபுண்டு வந்துவிட்டது! ப்ராஜெக்டில் ஒரு வரிகூடப் போகவில்லை.

கவனம்:
* தெரியாத பதிவை அழிக்காதீங்க.
* பிட்லாக்கர் பூட்டு போட்ட லேப்டாப் என்றால், மீட்பு எண்ணை முன்பே எழுதி வையுங்க. வரிசை மாறினால் அது கேட்கலாம்.
* டிஸ்க்கே பழுதானால் இந்த வழி உதவாது.

இனி யாராவது ஃபார்மட் என்று சொன்னால், "முதல்ல பட்டியலைப் பாருங்க அண்ணா"ன்னு தைரியமா கேளுங்க!

– 9-ஆம் வகுப்பு மாணவி