தோவாளையில் ஐந்து செண்ட்

"பிரமாணம் பதிஞ்சாச்சுல்லா, இனி என்ன பயம்?" குமரி மாவட்டத்துத் தோவாளைப் பக்கம் மனை வாங்கியவர்களிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. வளைகுடா வெயிலில் நின்று சேர்த்த காசையும் மகளுக்கென்று வைத்த நகையையும் இந்த ஒரு நம்பிக்கையில் கொட்டுகிறார்கள். மனம் பதைக்கிறது.

பிரமாணம் என்கிற பத்திரத்தைப் பதிவது விற்பனை நடந்ததற்கான சாட்சி மட்டுமே. விற்றவருக்கு விற்க உரிமை இருந்தது என்று சார்பதிவாளர் பொறுப்பேற்பதில்லை. 'பதிவாகிறது என்றால் அங்கீகாரம் இருக்கும்' என்பதும் தவறு. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிய, பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு 2016 அக்டோபர் 20 முதல் தடை போட்டது உண்மைதான். ஆனால் அதற்கு முன்பே வீட்டுமனையாகப் பதிவான இடத்தை மறுபடியும் பதியலாம். வயலை வயல் என்றே எழுதி, துண்டு துண்டாகக் கைமாற்றுகிறவர்களும் உண்டு. வீடு கட்ட அனுமதி கேட்டுப் போகும்போதுதான் இடிக்கும்.

'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று நோட்டீஸ் அடிப்பார்கள். நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் இல்லாமல் ஊராட்சித் தலைவரின் முத்திரையால் மட்டும் ஒரு மனைப்பிரிவு அங்கீகாரம் பெறாது. 'பிறகு வரன்முறைப்படுத்திக்கலாம்' என்பதையும் நம்ப வேண்டாம். 2017-ல் வந்த அந்தத் திட்டம், 2016 அக்டோபர் 20-க்கு முன் போட்ட மனைகளுக்கானது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய மனைப்பிரிவென்றால் ரெரா (கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறை) பதிவு எண்ணைக் கேளுங்கள்.

பட்டா வருவாய்த்துறைக் கணக்கு. அது மட்டுமே உரிமைக்கு ஆதாரம் ஆகிவிடாது. ஆனால் அளவைச் சரிபார்க்க நல்ல கருவி. ஐந்து செண்ட் என்பது 2,178 சதுர அடி. பட்டாவில் சுமார் 2.02 ஏர் என்று இருக்க வேண்டும். 1.80 என்றிருந்தால் அரை செண்டுக்கு மேல் காணவில்லை. பெரும்பாலும் அது பாதையில் போயிருக்கும்.

முப்பது வருட வில்லங்கச் சான்று போதும் என்பார்கள். நம்ம ஊருக்குப் போதாது. 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் கிடந்த மண். பழைய பிரமாணங்கள் பல மலையாளத்தில், கொல்லம் ஆண்டு போட்டிருக்கும். இங்கத்திய வெள்ளாளர் குடும்பங்கள் பலவற்றில், சொத்து சகோதரி பிள்ளைகளுக்குப் போகும் மருமக்கள் வழி இருந்தது. 1926-ல் சட்டம் வந்த பிறகே அது கலைந்தது. ஆகவே தாய்ப் பிரமாணத்தோடு பாகப்பிரிவினையையும் கேட்டு வாங்கி, பங்காளி யாராவது கையெழுத்துப் போடாமல் விடுபட்டிருக்கிறாரா என்று வக்கீலிடம் காட்டுங்கள். பதியாத உயிலும் பாதி விசாரணையில் நிற்கும் வழக்கும் வில்லங்கச் சான்றில் தெரியாமல் போகலாம்.

காகிதம் எல்லாம் சரியாக இருந்தும் ஏமாந்தவன் என் சித்தப்பா மகன். பங்குனியில் போய்ப் பார்த்தான். செம்மண் நிரத்தி, மஞ்சள் பெயின்ட் அடித்த கல் நட்டு, இடம் களம் மாதிரி காய்ந்து கிடந்தது. "நல்ல மேட்டு நிலம்" என்றார்கள். வீட்டுக்கு வானம் தோண்டியபோது இரண்டடிச் செம்மண்ணுக்குக் கீழே கறுத்த வயல் சேறு. மூலையில் உடைந்த கருங்கல் மடை ஒன்று மண்ணுக்குள் புதைந்திருந்தது. சானல் தண்ணீர் பாய்ந்த வாயை அடைத்துத்தான் மனைக்குப் போகும் பாதையையே போட்டிருக்கிறார்கள். இப்போது மழைத் தண்ணீர் அவன் திண்ணையில் நிற்கிறது. கீழ்வயல்காரருக்கோ தண்ணீர் எட்டவில்லை. இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

நமக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. 2021 நவம்பரில் குமரி மாவட்டம் வெள்ளத்தில் கிடந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் நாம். முன்பணம் கொடுக்குமுன் கிராம நிர்வாக அலுவலரிடம் போய், அந்தப் புல எண் நஞ்சையா, பக்கத்தில் ஓடையோ குளமோ உண்டா என்று கேளுங்கள். பிறகு ஐப்பசியில் மழை விட்ட மறுநாள் காலை, செருப்பைக் கழற்றிவிட்டு மனைக்குள் நடந்து பாருங்கள். அக்கம்பக்கத்து வயலில் மண்வெட்டியோடு நிற்கிறவரிடம் தண்ணீர் முன்பு எந்த வழியாகப் போயிற்று என்று கேளுங்கள். அவர் கை நீட்டிக் காட்டுவார்.