ஆஸ்திரேலிய நாட்டுப்புற மாதர்

ஒரு கிராமத்தின் முன்னேற்றத்தை அளவிடும்போது, போடப்பட்ட சாலைகளையும் தோண்டப்பட்ட கிணறுகளையும் விளைந்த மூட்டைகளையும் நாம் எண்ணுகிறோம். அவ்விளைவுக்கு உழைத்தவர் யார் யார் என்று எண்ணும்போது மட்டும் சிலர் விடுபட்டுப் போகின்றனர். அங்ஙனம் விடுபட்டவர்கள் தமக்குரிய இடத்தை எவ்வாறு பெற்றனர் என்பதை அறிய ஆஸ்திரேலிய நாட்டுப்புற மாதரின் வரலாறு நமக்குப் பயன்படும். அவர்கள் எதிர்த்து நின்ற தடைகள் இரண்டு. ஒன்று, வீட்டுக்கும் ஊருக்கும் இடையேயுள்ள தொலைவு. மற்றொன்று, செய்த வேலைக்கும் ஏட்டில் எழுதப்பட்ட பெயருக்கும் இடையேயுள்ள தொலைவு. முன்னது கருவிகளால் குறைந்தது. பின்னதைக் குறைக்க நெடுங்காலம் பிடித்தது.

நாட்டின் இயல்பு

ஆஸ்திரேலியாவின் பரப்பு ஏறத்தாழ 77 லட்சம் சதுர கிலோமீட்டர். அது இந்தியாவைப் போல் இரு மடங்குக்கும் மேற்பட்டதாகும். மக்கள் தொகையோ மூன்று கோடியை எட்டவில்லை. அவர்களுள் பெரும்பாலோர் கடற்கரையை அடுத்த சில பெருநகரங்களில் வாழ்கின்றனர். உள்நாட்டில் கோதுமை வயல்களும் ஆட்டுப் பண்ணைகளும், ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மாட்டுப் பண்ணைகளும் உள்ளன. நம் கிராமங்களைப் போல் வீடுகள் நெருங்கியிருப்பது அங்கு அரிது. பண்ணையின் நடுவே ஒரு வீடு இருக்கும். அடுத்த வீடு கண்ணுக்கெட்டாத தொலைவில் இருக்கும். மழை பொய்த்தால் வறட்சி பல ஆண்டுகள் நீடிப்பதும் உண்டு. பிரசவம், குழந்தையின் காய்ச்சல், பிள்ளைகளின் படிப்பு ஆகிய யாவும் இத்தனிமையில் பெண்ணின் பொறுப்பாகவே இருந்தன.

சங்கம் அமைத்தல்

1922-ஆம் ஆண்டில் சிட்னி நகரில் நாட்டுப்புறப் பெண்கள் மாநாடாகக் கூடி, நாட்டுப்புற மாதர் சங்கத்தைத் தோற்றுவித்தனர். அதன் முதல் தலைவியான கிரேஸ் மன்றோ பண்ணை வாழ்வின் துயரைத் தம் வாழ்விலேயே கண்டவர். ஒரு பிள்ளையின் சிகிச்சைக்காக அவர் சிட்னியில் தங்கியிருந்த வேளையில், வீட்டில் விட்டு வந்த இளைய பிள்ளை இறந்துபோயிற்று. மருத்துவர் அருகில் இல்லாத குறை பிற தாய்மாரையும் வருத்தலாகாது என்று அவர் ஊர் ஊராகச் சென்று கிளைகளை அமைத்தார்.

சங்கம் எடுத்துக்கொண்ட வேலைகள் எளியவை. சரக்கு வாங்க நகரத்துக்கு வரும் தாய்மார் குழந்தைக்குப் பாலூட்டவும் களைப்பாறவும் இடமின்றித் தவித்தனர். அவர்களுக்காக இளைப்பாறும் அறைகள் கட்டப்பட்டன. குழந்தை நல நிலையங்கள் எழுந்தன; கடலையே கண்டிராத உள்நாட்டுக் குடும்பங்கள் ஓய்வு கொள்ளக் கடற்கரையில் விடுதிகள் அமைந்தன. இச்சங்கம் எல்லா மாநிலங்களிலும் பரவி, 1945-ஆம் ஆண்டில் நாடு தழுவிய அமைப்பாயிற்று.

வானொலியும் விமானமும்

1928-ஆம் ஆண்டில் பாதிரியார் ஜான் பிளின் என்பாரின் முயற்சியால் குயின்ஸ்லாந்து மாநிலத்துக் கிளான்கரி என்னும் ஊரில் பறக்கும் மருத்துவர் சேவை தொடங்கியது. மருத்துவர் விமானத்தில் வருவார். ஆனால் அவரை அழைப்பது எங்ஙனம்? ஆல்பிரட் டிரேகர் என்னும் பொறியாளர், காலால் மிதித்து மின்சாரம் உண்டாக்கி இயக்கும் வானொலிக் கருவியை அமைத்தார். 1929 முதல் அது பண்ணைகளுக்கு வந்தது. பின்னர், எண் இடப்பட்ட மருந்துகள் கொண்ட பெட்டியும் பண்ணைதோறும் வைக்கப்பட்டது. மருத்துவர் வானொலியில் எண்ணைச் சொல்வார். வீட்டிலுள்ள தாய் அம்மருந்தை எடுத்துக் கொடுப்பாள்.

அக்கருவியைக் கல்விக்கும் பயன்படுத்தலாம் என்று எடுத்துரைத்தவர் அடிலெய்ட் மீத்கே என்னும் பெண்மணி. அதன் பயனாக 1951-ஆம் ஆண்டில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் வானொலிப் பள்ளி தொடங்கியது. ஆசிரியரின் குரல் வானில் வந்தது. எனினும் பிள்ளையை அருகில் அமர்த்திப் பாடத்தை முடிக்கச் செய்தவள் பெரும்பாலும் தாயே ஆவாள்.

ஏட்டில் இல்லாத உழைப்பு

ஆஸ்திரேலியப் பெண்கள் 1902-ஆம் ஆண்டிலேயே நாட்டின் பொதுத்தேர்தலில் வாக்குரிமை பெற்றனர். ஆயினும் நாடாளுமன்றத்துக்கு முதல் பெண் உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டது 1943-ஆம் ஆண்டிலேதான். பண்ணையிலும் இதே நிலைதான். ஆடுகளை ஓட்டியும், கணக்கு எழுதியும், டிராக்டர் செலுத்தியும் உழைத்த மனைவி ஏடுகளில் பெரும்பாலும் "இல்லத்தரசி" என்றே எழுதப்பட்டாள். "விவசாயி" என்ற சொல் கணவனைக் குறித்தது. நிலம் பெரும்பாலும் மகனுக்கே சென்றது. ஏட்டில் பெயரில்லாதவருக்குக் கடனும் பயிற்சியும் குழுவில் இடமும் எட்டாப் பொருள்களாயின.

1994-ஆம் ஆண்டில் வேளாண்மைப் பெண்களின் உலக மாநாடு மெல்போர்ன் நகரில் நடைபெற்றது. பல நாடுகளிலிருந்தும் நூற்றுக்கணக்கான பெண்கள் அங்கே கூடினர். "நாங்கள் விவசாயியின் மனைவியர் மட்டுமல்லர், நாங்களும் விவசாயிகளே" என்பதே அக்காலத்து இயக்கத்தின் கருத்தாகும். 2016-ஆம் ஆண்டில் தேசிய விவசாயிகள் கூட்டமைப்புக்கு முதன்முறையாக ஒரு பெண், பியோனா சிம்சன், தலைவரானார். இன்று அந்நாட்டு வேளாண்மைத் தொழிலில் ஈடுபட்டோருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் பெண்கள்.

பழங்குடி மாதர்

இவ்வரலாற்றில் மிகவும் பின்தள்ளப்பட்டவர்கள் பழங்குடிப் பெண்கள். 1902-ஆம் ஆண்டின் வாக்குரிமை அவர்களுள் மிகப் பலருக்குக் கிட்டவில்லை. நாட்டின் தேர்தல்களில் பழங்குடியினர் அனைவரும் வாக்களிக்கும் உரிமை 1962-இல்தான் வந்தது. நடு ஆஸ்திரேலியாவில் நில உரிமை பற்றிய ஆலோசனைகளில் தம் சொல் கேட்கப்படவில்லை என்பதைக் கண்ட பிஞ்சஞ்சாரா முதலிய இனத்துப் பெண்கள், 1980-ஆம் ஆண்டில் தமக்கென ஒரு மாதர் மன்றம் நிறுவினர். உடல் நலம், குடும்ப வன்முறையிலிருந்து பாதுகாப்பு, புல்லால் பின்னும் கைத்தொழில் ஆகியவற்றை அம்மன்றம் நடத்தி வருகிறது.

இன்றும் தீராத குறைகள்

எல்லாம் தீர்ந்துவிட்டதாகக் கருதலாகாது. 1990-களிலிருந்து சிற்றூர்களில் நூற்றுக்கு மேற்பட்ட மகப்பேற்றுப் பிரிவுகள் மூடப்பட்டுள்ளன. தொலைப் பகுதிப் பழங்குடிப் பெண்கள் பிரசவத்துக்குச் சில வாரங்கள் முன்னரே உறவினரை விட்டு நகரத்துக்குச் செல்ல வேண்டியுள்ளது. குழந்தைக் காப்பகம் இல்லாத ஊர்களில் படித்த பெண்ணும் வேலைக்குச் செல்ல இயலவில்லை. வீட்டில் அடிபடும் பெண்ணுக்கு அடைக்கலம் தரும் இல்லம் பல மணி நேரப் பயணத்துக்கு அப்பால் இருக்கிறது.

நாம் கொள்ள வேண்டியது

தமிழ்நாட்டில் பஞ்சாயத்து இடங்களில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கும் சட்டத் திருத்தம் 2016-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. ஆஸ்திரேலிய உள்ளாட்சி மன்றங்களில் இத்தகைய ஒதுக்கீடு இல்லை. ஆகவே இடம் நமக்கு முன்னரே கிடைத்துள்ளது எனலாம். ஆயினும் இடம் இருந்தால் மட்டும் போதாது. பெயரும் சொல்லும் வேண்டும். நாற்று நடுபவரும் களை எடுப்பவரும் கறவை மாட்டைப் பேணுபவரும் நம் ஊரில் எந்த ஏட்டில் விவசாயி என்று எழுதப்பட்டிருக்கின்றனர்? அடுத்த கூட்டத்தில் பஞ்சாயத்து உறுப்பினர்கள் இவ்வொரு கேள்வியை எழுப்பி, ஏட்டைப் புரட்டிப் பார்ப்பார்களாயின், இப்பாடம் பயன் தந்ததாகும்.